மே கடைசியில் லிப்பே தீவுக்கு அப்பாவையும் குழந்தையையும் கூட்டிப் போகலாமா?

கோயம்புத்தூரில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: மே கடைசி வாரம் குடும்பத்தோடு மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போகிறார்கள். அங்கிருந்து தாய்லாந்தின் லிப்பே தீவுக்குப் படகு இருப்பதாகக் கேள்விப்பட்டார்களாம். 68 வயது அப்பா, 6 வயது மகள், கணவன் மனைவி இருவர். இரண்டு நாள் போதுமா, அவ்வளவு செலவு செய்து பார்க்கத் தகுந்த இடமா என்பது கேள்வி. தீவு பார்க்கத் தகுந்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைவிட முக்கியமான ஒன்று: அந்த மாதத்தில், அந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு, அந்தக் கடலைக் கடக்கலாமா? அதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்துக்காரன். டைவிங் வழிகாட்டியாகப் பதினொரு சீசன் லங்காவிக்கும் லிப்பேக்கும் இடையே ஆட்களை அழைத்துப் போய் வந்திருக்கிறேன். கடல், படகு, பவளப்பாறை பற்றி நான் சொல்வதை நம்பலாம். மருத்துவம் என் துறை இல்லை. விசா விதிகளும் அப்படித்தான், அவை மாறிக்கொண்டே இருப்பவை. அந்த இரண்டிலும் நான் சொல்வதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, உரியவர்களிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மே கடைசி வாரம் வேண்டாம். இதைத் தயங்காமல் சொல்கிறேன். ஏன் என்று புரிய, அந்த ஊர்க் காற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். லிப்பே, தாய்லாந்தின் தென்மேற்கு மூலையில், சாத்துன் மாகாணத்தில், அந்தமான் கடலில் இருக்கிறது. மே நடுவில் இருந்து அக்டோபர் நடு வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று. நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்கிற அதே காற்றுதான். இந்தியப் பெருங்கடலில் இருந்து வந்து அந்தத் தீவுக் கூட்டத்தில் மோதுகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை காற்று வடகிழக்கில் இருந்து. தமிழ்நாட்டுக்காரர்கள் இங்கேதான் குழம்பிப் போகிறார்கள். வடகிழக்குப் பருவக்காற்று என்றால் சென்னையில் மழை, புயல். அந்தமான் கடல் பக்கத்தில் அதுவே நல்ல காலம். தாய்லாந்துத் தீபகற்பத்தின் மலைத்தொடர் நடுவில் நின்று காற்றையும் மழையையும் வாங்கிக்கொள்கிறது, மறைவில் இருக்கும் மேற்குக் கரையில் கடல் குளம் போலக் கிடக்கும். அதே நவம்பரில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சமுய் தீவில் கொட்டித் தீர்க்கும். ஆகவே "தாய்லாந்துத் தீவுக்கு எது நல்ல மாதம்" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது, எந்தக் கடலில் இருக்கும் தீவு என்று கேட்க வேண்டும்.

லங்காவியில் இருந்து நேராக லிப்பேக்குப் போகும் படகுகள் ஏறக்குறைய நவம்பரில் தொடங்கி மே மாதம் வரை ஓடும். மே எந்தத் தேதியோடு நிறுத்துவார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், காற்றுதான் அதைத் தீர்மானிக்கிறது. உங்கள் பயண நாளில் ஒருவேளை படகு ஓடலாம். ஆனால் டிக்கெட் கிடைப்பது வேறு, கடல் அமைதியாக இருப்பது வேறு. ஒரு மே மாதம் மூன்றாம் வாரத்தில் நான் ஒன்பது பேரோடு லிப்பேயில் இருந்து கிளம்பினேன். கரையில் வெயில், வானத்தில் மேகமே இல்லை. அரை மணி நேரத்தில் பக்கவாட்டில் இருந்து அலை வாங்க ஆரம்பித்தோம். படகு உயர்ந்து உயர்ந்து அறைந்து விழுந்தது. ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு முதுகில் பிடித்துக்கொண்டு, கரை சேர்ந்த பிறகும் நிமிர முடியவில்லை. ஆபத்து என்று சொல்லும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை, படகோட்டி கெட்டிக்காரர். ஆனாலும் ஒரு ஆறு வயதுக் குழந்தையை அந்த இருக்கையில் வைத்து என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு மே பத்துக்கு மேல் நான் யாரையும் கூட்டிப் போவதில்லை.

வேகப்படகில் வயதானவர்களுக்கு வரும் பிரச்சினை பெரும்பாலும் வாந்தி மயக்கம் அல்ல, படகு இப்படி அறைந்து விழுவதுதான். படகின் முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். நடுவில் இருந்து பின்பக்கம் உட்கார்ந்தால் அடி குறையும், எஞ்சின் புகை மட்டும் கொஞ்சம் வரும். முதுகுத் தண்டில் சிகிச்சை செய்தவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரை நல்ல பருவத்திலும் நான் வேகப்படகில் ஏற்றத் தயங்குவேன். உங்கள் அப்பாவின் உடல்நிலை பற்றி நீங்கள் எழுதவில்லை, அவருடைய மருத்துவரிடம் "ஒன்றரை மணி நேரம் குலுங்கும் படகு" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். "படகுப் பயணம்" என்று மட்டும் சொன்னால் அவர் ஏரிப் படகை நினைத்துக்கொண்டு சரி என்பார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தாய்லாந்தின் ஹாட்யாய் விமான நிலையத்தில் இருந்து வேனில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாக் பாரா படகுத்துறை. அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கடல், வேகப்படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இந்தத் தடத்தில் மழைக்காலத்திலும் படகு ஓடும், எண்ணிக்கை குறைவாக இருக்கும், மோசமான நாளில் நிற்கும். வழியில் தாருதாவ் என்ற பெரிய தீவு கொஞ்ச தூரம் அலையைத் தடுக்கும், அதைத் தாண்டினால் திறந்த கடல்தான். நல்ல பருவத்தில் இதில் போனால் தாருதாவிலும் நின்று பார்க்கலாம். 1930களின் இறுதியில் அது சிறைத்தீவாக இருந்தது, அரசியல் கைதிகளும் அங்கே அடைக்கப்பட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் உணவு வருவது நின்றதும் காவலர்களும் கைதிகளும் சேர்ந்து கடற்கொள்ளையர்களாக மாறினார்கள். 1946-இல் பிரிட்டிஷ் படைகள் வந்துதான் அதை அடக்கின. இன்று காடும் குரங்கும் வெறுமையான கடற்கரையுமாக அவ்வளவு அமைதி.

சரி, தேதியை மாற்ற முடிந்தால் என்ன? பள்ளி விடுமுறைதான் உங்கள் கட்டாயம் என்றால் ஏப்ரல் இரண்டாம் பாதி நல்லது. வெயில் கடுமையாக இருக்கும், கடல் நன்றாக இருக்கும். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்துப் புத்தாண்டு, அந்த வாரம் கூட்டமும் விலையும் ஏறும், அதைத் தாண்டிப் போங்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் கடலுக்கு நல்லதுதான். ஆனால் கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு நாட்களில் அந்தச் சிறிய தீவு தாங்காத அளவுக்கு ஆட்கள் வருகிறார்கள். என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச்தான் லிப்பேயின் மிக நல்ல மாதங்கள்.

இரண்டு நாள் போதுமா என்றால், இரண்டு இரவு குறைந்தபட்சம், மூன்று இரவு நிம்மதி. தீவு மிகச் சிறியது. கிழக்குக் கரையான சன்ரைஸ் கடற்கரையில் இருந்து தெற்கே இருக்கும் பட்டாயா கடற்கரைக்கு, கடைத்தெரு வழியாகக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். கார் கிடையாது. பக்கத்தில் பெட்டி மாட்டிய மோட்டார் சைக்கிள்தான் டாக்சி, அப்பா நடக்க முடியாவிட்டால் அது போதும். தங்குவதற்கு நான் சொல்வது இது: டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று சன்ரைஸ் பக்கம் அடிக்கும், அப்போது பட்டாயா அமைதி. காற்று திரும்பத் தொடங்கும் மே மாதத்தில் அப்படியே எதிர்மாறாகும். ஏப்ரலில் இரண்டும் நன்றாக இருக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு மணலும் ஆழமில்லாத தண்ணீரும் உள்ள பட்டாயா வசதி. ஆனால் அங்கே படகுகள் அதிகம், குழந்தையைப் படகு வரும் வழியில் விளையாட விடவே கூடாது.

கரை இறங்குவதைப் பற்றி விளம்பரங்களில் யாரும் எழுதுவதில்லை. பெரிய துறைமுகப் பாலத்தில் படகு வந்து ஒட்டி நிற்கும், பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். நீர்மட்டத்தையும் காற்றையும் பொறுத்து மிதவை மேடையில் இறங்க வேண்டியிருக்கும். அல்லது வேகப்படகில் இருந்து லாங்டெயில் என்ற சிறிய மரப் படகுக்கு மாற வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஏணியில் இறங்கி முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்க வேண்டும். இரண்டு படகுகளும் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குக் கால் வைப்பது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் பயணத்திலேயே கடினமான நிமிடம். டிக்கெட் வாங்கும்போதே "வயதானவர் இருக்கிறார், அன்று எப்படி இறக்குவீர்கள்" என்று கேளுங்கள். இறங்கும் நேரத்தில் அவசரப்படாமல் எல்லோரும் போன பிறகு கடைசியாக இறங்கச் சொல்லுங்கள். படகுப் பையன்கள் மிகவும் நல்லவர்கள், இரண்டு பேர் தோள் கொடுத்து இறக்கிவிடுவார்கள். சக்கரப் பெட்டியைவிட முதுகுப் பை நல்லது, கடவுச்சீட்டும் மருந்தும் தண்ணீர் புகாத உறையில் கையோடு இருக்கட்டும்.

நீர்மட்டம் என்றேன். அந்தக் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 3 மீட்டர் வரை போகும். சென்னைக் கரையில் அது ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. காலையில் குழந்தை குளித்த இடத்தில் மாலையில் பவளப்பாறை தலை நீட்டிக்கொண்டு நிற்கும். அப்போது அதன்மேல் நடந்துபோய்ப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும். அது கல் இல்லை, உயிர். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்வதே பெரிய விஷயமாக இருக்கும் இனங்கள் அதில் உண்டு. 2010-இல் கடல்நீர் சூடேறி அந்தமான் கடல் முழுவதும் பவளங்கள் வெளுத்துப்போயின, 2024-இல் மறுபடியும் வெளுப்பு வந்தது. பத்தாண்டுகளாக ஒரே பாறையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவனுக்கு அதில் எது திரும்பி வந்தது, எது வரவே இல்லை என்று தெரியும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் போன்ற பொருள்கள் உள்ள சன்ஸ்கிரீனைத் தாய்லாந்து 2021-இல் தன் தேசியப் பூங்காக்களில் தடை செய்தது. மீறினால் ஒரு லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) வரை அபராதம். லிப்பேயைச் சுற்றியுள்ள கடல் தாருதாவ் தேசியக் கடல் பூங்கா. வீட்டில் இருக்கும் கிரீமின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அதைவிட எளிய வழி, குழந்தைக்கு முழுக்கை நீச்சல் சட்டை வாங்குவது. அங்கே வெயில் தோலை உரிக்கும்.

மீன் பார்க்க ஸ்நார்கலிங் (மூச்சுக்குழாய் மாட்டி மேலாக நீந்துவது) போவதென்றால், பக்கத்தில் இருக்கும் அடாங், ராவி தீவுகளைச் சுற்றிவரும் ஒரு நாள் லாங்டெயில் பயணம் குடும்பத்துக்கு ஏற்றது. பூங்காக் கட்டணம் நான் கடைசியாகக் கட்டியபோது வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 200 பாட். இதில் ஜாபாங் என்ற இடத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும். ஊதாவும் இளஞ்சிவப்புமாக மென்பவளங்கள் பாறை முழுவதும் பூத்திருக்கும், நான் பார்த்த கடலடி இடங்களில் அதை மறக்கவே முடியாது. ஆனால் நீரோட்டம் வலுவாக இழுக்கும், பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருப்பார்கள். உங்களில் நீந்தத் தெரிந்த ஒருவர் மட்டும் லைஃப் ஜாக்கெட்டோடு இறங்குங்கள், குழந்தை படகிலேயே இருக்கட்டும். மகளுக்கு ராவி தீவின் கரையோரமே போதும், இடுப்பளவுத் தண்ணீரிலேயே மீன்கள் காலைச் சுற்றும். வழியில் ஹின் ங்காம் என்ற தீவில் வழவழவென்று கறுப்புக் கூழாங்கற்கள் குவிந்து கிடக்கும், எடுத்துக்கொண்டு போனால் தாருதாவ் தெய்வத்தின் சாபம் என்று அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பையில் ஒன்று போட்டுக்கொள்ள ஆசை வரும்.

ஜெல்லிமீன் பற்றி: தாய்லாந்துக் கடலில் பெட்டி ஜெல்லிமீன் உண்டு, அதன் கொட்டு உயிருக்கே ஆபத்து. அடிக்கடி நடப்பதில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். கொட்டினால் நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, தேய்க்கவும் கூடாது. வினிகரை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றிவிட்டு உடனே உதவிக்குக் கூப்பிட வேண்டும். பல கடற்கரைகளில் வினிகர் பாட்டில் வைத்த கம்பம் இருக்கும், போனதும் அது எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீவில் சிறிய சுகாதார நிலையம்தான். பெரிய சிகிச்சை என்றால் படகில் நிலப்பகுதிக்குப் போக வேண்டும், இரவில் அது இன்னும் கடினம். இதய நோய் உள்ளவர்களின் குடும்பத்தாரிடம் நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. அப்பாவின் மாத்திரைகள் போகும் நாட்களைவிட நான்கைந்து நாட்களுக்கு அதிகமாகவே இருக்கட்டும். படகு நின்றுவிட்டால் அவை அங்கே கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

பயண ஆவணங்கள் விஷயம். 2024 ஜூலையில் தாய்லாந்து இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு தந்தது, அதைக் குறைப்பது பற்றிப் பேச்சும் எழுந்தது. கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தில் நிலவரம் பாருங்கள். விலக்கு இல்லாமல் போனால் வந்திறங்கி வாங்கும் விசாவை நம்பிக் கிளம்பாதீர்கள், அது எல்லாச் சோதனைச்சாவடியிலும் கொடுக்கப்படுவதில்லை. 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழையும் முன் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். பலர் மறப்பது திரும்பி வரும் பக்கம்: லிப்பேயில் இருந்து லங்காவிக்கு வந்தால் அது மலேசியாவுக்குள் புது நுழைவு, மலேசிய வருகை அட்டையை மறுபடியும் நிரப்ப வேண்டும். அப்புறம் கடிகாரம். தாய்லாந்து மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் போட்டிருப்பது எந்த நாட்டு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாய்லாந்துப் பணத்தை லங்காவியிலேயே மாற்றிவிடுங்கள். தீவில் ஏடிஎம் இருக்கிறது, கூட்ட நாளில் காலியாகிவிடும், மலேசியப் பணமான ரிங்கிட்டைச் சில கடைகளில்தான் வாங்குவார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களாக இருந்தால், "காய்கறி மட்டும்" என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. "ஜே" என்று சொல்லுங்கள், அந்தச் சொல்லுக்குத்தான் இறைச்சியும் மீனும் அறவே சேராதது என்று பொருள். சாத்துன் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் என்பதால் ஹலால் உணவு எளிதாகக் கிடைக்கும். கடைத்தெருவில் வாழைப்பழம் வைத்து மடித்துச் சுடும் ரொட்டியைக் குழந்தை விடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தத் தீவின் மக்களைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் எனக்கு உறுத்தும். லிப்பே வெறும் விடுதித் தீவு இல்லை. உராக் லாவோய் என்ற கடலோடி மக்களின் ஊர் அது. அவர்கள் மொழி மலாய்க்கு உறவு, எனக்குத் தெரிந்த மலாயை வைத்தே பாதி பேசிவிடுவேன். 1909-இல் சயாமும் (தாய்லாந்தின் பழைய பெயர்) பிரிட்டனும் எல்லை பிரித்தபோது எங்கள் கெடா ஒரு பக்கமும் சாத்துன் மறுபக்கமும் போயின. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் லந்தா தீவுப் பக்கமிருந்து இவர்கள் இங்கே வந்து குடியேறினார்கள், தீவுகள் சயாமுக்குச் சொந்தம் என்று காட்ட அதிகாரிகளே ஊக்குவித்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 1974-இல் தேசியப் பூங்கா வந்த பிறகு பக்கத்துத் தீவுகளில் இருந்தவர்களும் லிப்பேக்கு நகர வேண்டியதாயிற்று. சுற்றுலா வந்து நிலத்தின் விலை ஏறியபோது, பத்திரம் என்ற ஒன்றையே அறியாத இவர்கள் கரையோர நிலத்தைப் பெருமளவு இழந்தார்கள். 2022 இறுதியில் தீவின் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியே வேலி போட்டு அடைக்கப்பட்டு, போராட்டம் நடந்தது. எந்த நிலம் யாருடையது என்ற வழக்குகளில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் உங்கள் லாங்டெயில் படகை அந்த மக்களில் ஒருவரிடம் நேரடியாகப் பேசி எடுத்தால் பணம் அவர் வீட்டுக்குப் போகும். நான் எப்போதும் அப்படித்தான் எடுக்கிறேன். நீரோட்டம் எப்போது தணியும் என்று அவர்கள் சொன்னால் அது தவறி நான் பார்த்ததில்லை.

ஆண்டுக்கு இரண்டு முறை, அங்குள்ள சந்திர மாதக் கணக்கில் ஆறாம் மாதப் பௌர்ணமிக்கும் பதினோராம் மாதப் பௌர்ணமிக்கும், அவர்கள் மரத்தில் ஒரு படகு செய்கிறார்கள். வெட்டிய நகமும் முடியும் நெல் பொரியும் அதில் வைத்து, குடும்பத்தின் கெட்டதெல்லாம் அதோடு போகட்டும் என்று கடலில் விடுகிறார்கள். மூன்று நாள் பறையும் பாட்டுமாக இருக்கும். நம் கணக்கில் அந்தப் பௌர்ணமிகள் மே, ஜூன் ஒட்டியும் அக்டோபர், நவம்பர் ஒட்டியும் வரும். அதாவது காற்று திரும்பும் இரண்டு நேரங்கள். நீங்கள் குறித்திருக்கும் மே கடைசி வாரம் அவர்களே கடலிடம் வேண்டிக்கொண்டு படகுகளை மறுபக்கக் கரைக்கு மாற்றும் காலம்.

ஆகவே உங்கள் தேதி மாறாது என்றால் இந்த முறை லிப்பேயை விட்டுவிட்டு அந்த இரண்டு நாளையும் லங்காவிக்கே கொடுங்கள். கேபிள் காரும் கிலிம் சதுப்புநிலக் காட்டுப் படகும் அப்பாவுக்கும் குழந்தைக்கும் இதமாக இருக்கும், கிலிம் ஆற்றுக்குள் அலை தொந்தரவு குறைவு. ஏப்ரல் இரண்டாம் பாதிக்கு மாற்ற முடிந்தால், லிப்பேக்கு மூன்று இரவு ஒதுக்குங்கள். காலைப் படகில் போங்கள், பெரும்பாலும் காலையில்தான் கடல் தணிந்திருக்கும். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு லங்காவியிலோ ஹாட்யாயிலோ நிலத்தில் தூங்குங்கள். படகையும் விமானத்தையும் ஒரே நாளில் கோத்தவர்கள் தவறவிட்டதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். அன்றைய ஏற்ற வற்ற நேரத்தைப் பார்த்து, எந்தப் படகில் போனால் அப்பா தண்ணீரில் கால் வைக்காமல் இறங்க வாய்ப்பு அதிகம் என்று சொல்கிறேன்.